இடக்கண்ணின் பச்சை

கண் தப்பாகக் காட்டியதை நம்பி ஒருவர் ஏழு வருடம் வேலை செய்து, பார்த்தவர்கள் எல்லோரும் அதை நன்றாக இருக்கிறது என்று சொல்லியும்விட்டால், பிறகு கண் தெளிவதால் யாருக்கு என்ன லாபம்? சுவர்களில் காடு வரைந்து பிழைத்த பாசிக்காரருக்கு அறுபத்து மூன்றாம் வயதில் இந்தக் கேள்வி வந்தது.

பெரிய ஓவியர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அவர் வரைந்த மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் சொந்தக்காரர்கள் போல இருக்கும். பறவையை வரைந்தால் கோழியாகிவிடும் என்று அந்தப் பக்கமே போகமாட்டார். ஆனால் பாசி வரும்; பாசிக்காரர் என்ற பெயரே அதனால்தான். ஈரப் பாறை, சாய்ந்த மரம், வேர் முடிச்சு என்று எதன் மேலும் கிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பாசியைப் படரவிடுவார். பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் பதினொரு பச்சை வைத்திருந்தார். எதற்கும் கலவைக் குறிப்பு கிடையாது. கட்டைவிரல் நகத்தில் தொட்டுப் பார்ப்பார். கண் சரி என்றால் சரி.

ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் நாற்பதடிச் சுவரில் பாதிக் காடு முடிந்திருந்தபோது அவருக்கு வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பியவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். துணிக்குப் போடும் நீலத்தில் முக்கி எடுத்தது போலிருந்தது காடு. வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அவர் வரைந்த காடு, இருட்டாக, ஈரமாக, வைத்த இடத்திலேயே இருந்தது. புரை எல்லாவற்றையும் பழுப்பாகக் காட்ட, அதை ஈடுகட்ட வருடத்துக்கு வருடம் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டார்.

"என் காடெல்லாம் நீலமாவா இருக்கு?"

"கொஞ்சம் நீலந்தான்."

"எத்தனை நாளா?"

"அது இருக்கும் ஆறேழு வருஷம். ஏதோ புதுசா பண்றீங்கன்னு நெனச்சேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்கன்னு சொன்னாலே நாலு நாள் பேசமாட்டீங்க. காட்டைப் போய் நான் சொல்றேனாக்கும்!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. முழுதாக வரவில்லை.

மறுநாள் புதுக் கண்ணால் கலந்து நாலடி வரைந்தார். மேலாளர் வந்து பார்த்தார்.

"என்ன மாஸ்டர், அந்தப் பக்கம் ஒரு காடு, இந்தப் பக்கம் வேற காடு? நடுவுல செக்போஸ்ட் போடணுமா?"

"பழசைத்தான் சார் மாத்தணும். அதுதான் தப்பு."

"ஐயோ, அதைத் தொட்டுடாதீங்க. உலகத்துலயே இல்லாத பச்சைன்னு சொல்லித்தான் மேலிடத்துல உங்களைப் போட்டாங்க."

அவரோ பாசி இருக்கிறபடியே வரைவதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

நாலடியையும் வெள்ளையடித்து மறைத்தார். அடுத்து, பழைய பச்சை ஒவ்வொன்றையும் புதுக் கண்ணால் ஒத்துப் பார்த்துக் கலந்தார். நிறம் ஒத்தது. ஆனால் எந்தப் பச்சைக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒற்றியதெல்லாம் சாயம் கொட்டிய கறையாகக் கிடந்தது. கடைசியில் வலக்கண்ணில் பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இடக்கண்ணால் ஆரம்பித்தார். பாசி வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் கண் வலித்து நீர் கொட்டும்; அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை, உட்கார்ந்திருப்பார். பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தால் அதே பாசி வேறொருவர் செய்த பிழை மாதிரித் தெரியும்.

கண் டாக்டரம்மா இடக்கண்ணுக்கும் வியாழக்கிழமை என்று நாள் குறித்தார். "ஒரு வாரம் முன்னப் பின்ன ஆனாலும் பரவாயில்லீங்க ஐயா."

"எடுத்துட்டா பழைய மாதிரி தெரியாதா?"

"பழைய மாதிரி எதுக்குத் தெரியணும்? நல்லாவே தெரியும்."

"இல்லம்மா, எப்பவாவது தப்பாத் தெரியணும்னா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லீங்களே."

புதன்கிழமை சாயங்காலம் சுவரில் ஒரு கதவகலம் மீதி இருந்தது. ஒரே நாள் வேலை.

"நான் போன் பண்ணித் தள்ளிப் போடச் சொல்றேன்," என்றார் மனைவி. "ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது. முடிச்சிட்டே போங்க."

வியாழக்கிழமை காலையில் மனைவி எழுந்து வந்தபோது, அவர் சவரம் செய்து சலவைச் சட்டை போட்டு, ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு வாசலில் நின்றிருந்தார்.

"கிளம்பு, நேரமாச்சு."

மூன்று வாரம் கழித்து, தெளிந்த இரண்டு கண்ணோடு போய் அந்தக் கதவகலத்தை நிரப்பினார். அது பழைய காட்டோடு ஒட்டவில்லை. அந்த வழியாகப் போகிற யாருக்கும் தெரியும். "ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மாஸ்டர்?" என்று மேலாளர் வருத்தத்தோடுதான் கேட்டார். மனைவி பல நாள், பல விதமாகக் கேட்டுப் பார்த்தார். எல்லோரிடமும் அவர், "அந்தக் கதவகலத்துலதான் பாசி இருக்கறபடி இருக்கு," என்பார்.