உடம்பு சொல்லாமல் விட்டது

இரத்தத்தில் சீனி இறங்கும்போது என் உடம்பு முன்பெல்லாம் அதை எனக்கு அறிவித்துவிடும். முதலில் மேலுதட்டில் வியர்க்கும். பிறகு விரல்கள் நடுங்கும். கடைசியில் ஒரு பசி வரும், எதிரில் இருப்பதையெல்லாம் அள்ளி வாயில் போடச் சொல்லும் பசி. அந்த நடுக்கம் எனக்கு வெட்கமாக இருந்தது. மீன் ஏலம் போகும் இடத்தில் கை நடுங்க நின்றால் பார்ப்பவர்கள் குடித்திருக்கிறான் என்றுதானே நினைப்பார்கள். இது இல்லாமல் போனால் நல்லது என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

போய்விட்டது. எப்போது போனதென்று சொல்லத் தெரியவில்லை. நடுக்கம் வராத காலைகளைப் பார்த்து, உடம்பு தேறிவருகிறது என்று நம்பினேன். மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

குருநகரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு படகு இருந்தது. அண்ணையும் நானும் அதில் நண்டு வலைக்குப் போவோம். பின்னேரம் வலையைப் போட்டுவிட்டு வந்து, விடிந்ததும் போய் எடுப்போம். இஞ்சின் என் கையில், வலை அண்ணையின் கையில். கலியாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். கடலில் நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. அண்ணை தோளைத் திருப்பினால் படகை எந்தப் பக்கம் விடவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

காலையில் சீனி வருத்தத்துக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு ஒரு தேத்தண்ணியோடு புறப்பட்டுவிடுவேன். வெறும் வயிற்றில் ஊசி போடக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லித்தான் விட்டிருந்தார்கள். ஆனால் வெயில் ஏறுமுன் வலையை எடுக்க வேண்டும். அண்ணைக்கு என் பழக்கம் தெரியும். அதனால் படகில் எப்போதும் ஒரு போத்தலில் பனங்கட்டி வைத்திருப்பார். கை நடுங்கத் தொடங்கினால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன்.

அன்று கை நடுங்கவில்லை. கடல் குளத்துத் தண்ணீர்போலக் கிடந்தது. அண்ணை வலையின் முதல் பகுதியை எடுத்து முடித்திருந்தார். அவர் திரும்பி என்னிடம் ஏதோ கேட்டது நினைவிருக்கிறது. அவருடைய வாய் அசைந்தது, சொல் ஒன்றும் எனக்குள் போகவில்லை. தண்ணீரில் வெயில் பட்டு மின்னியது. அதோடு சரி.

அடுத்து நான் அறிந்தது இனிப்பு. வாயெல்லாம், நாடியெல்லாம் கரைத்த பனங்கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. என் தலை அண்ணையின் மடியில் இருந்தது. இஞ்சின் நின்றிருந்தது. வலையின் மிச்சம் இன்னும் தண்ணீரில் கிடந்தது. அண்ணையின் உதடு வெடித்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. என் முழங்கை பட்டிருக்க வேண்டும்.

நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். நான் படகைக் கரையை விட்டு வெளியே திருப்பினேனாம். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டதற்கு மறுமொழி இல்லையாம். இஞ்சினை நிறுத்த வந்தவரைத் தள்ளியிருக்கிறேன். பனங்கட்டியைத் துப்பியிருக்கிறேன். பிறகு அதைத் தண்ணீரில் கரைத்து, என் மூக்கைப் பிடித்துக்கொண்டு பருக்கினாராம்.

"ஏதும் கதைச்சனானோ?" என்று கேட்டேன்.

அவர் கடல் தண்ணீரை அள்ளி உதட்டைக் கழுவினார்.

"கதைச்சனி."

"என்ன சொன்னனான்?"

"விடு தம்பி. அறிவில்லாமல் சொன்னது."

அவர் மிச்ச வலையை எடுக்காமலே படகைக் கரைக்கு விட்டார். முதல் தடவையாக நான் முன்பக்கம் இருந்தேன், அவர் இஞ்சினில் இருந்தார். கரை வரும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

கிளினிக்கில் இருந்த இளவயது டொக்டர் பிள்ளை என்னிடம் விளக்கமாகக் கதைத்தார். அடிக்கடி சீனி குறையவிட்டால் உடம்பு அதற்குப் பழகி அறிவிப்பதை விட்டுவிடும் என்றார். ஊசி மருந்தின் அளவைக் குறைத்தார். சாப்பிடாமல் ஊசி போடவே கூடாது, விரலில் குத்திப் பார்க்காமல் எங்கும் வெளிக்கிடக்கூடாது என்றார். சில கிழமைகளுக்குச் சீனி ஒருக்காலும் இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த உணர்வு கொஞ்சம் திரும்பலாம், ஆனால் நிச்சயம் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அன்று பின்னேரம் அண்ணை வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"இனி நீ கடலுக்கு வரவேண்டாம். கரையிலை நில்லு. மச்சானைக் கூட்டிக்கொண்டு போறன்." அண்ணியின் தம்பியைத்தான் சொன்னார்.

"சுகம் வந்தாப் பிறகு?"

"அப்ப பாப்பம்."

ஓம் என்று தலையாட்டினேன். கடலில் அவர் ஒருவராய் என்னையும் படகையும் பார்க்க முடியாது என்பது எனக்கும் விளங்கியது. ஆனால் அவர் போன பிறகு வேறொன்று மனதை அரிக்கத் தொடங்கியது. இந்தச் சீனி வருத்தத்துக்காக என்னை விலக்கினாரா, நான் சொன்ன வார்த்தைக்காகவா?

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. அம்மா சாகக் கிடந்தபோது அண்ணை மன்னாரில் தொழிலுக்குப் போயிருந்தார். ஆள் அனுப்பியும் அவர் வந்து சேர அடக்கம் முடிந்துவிட்டது. நான் ஒருநாளும் அதைப்பற்றி அவரிடம் வாய் திறந்ததில்லை. ஆனால் உள்ளே வைத்திருந்தேன். அறிவிழந்த நேரத்தில் அது வெளியே வந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. சீனி குறைந்து கதைத்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சீனிக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது. எதைச் சொல்லியிருந்தாலும் அது என்னிடம் இருந்த சொல்தான்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஒருநாள் அண்ணையைத் தனியாக மறித்தேன்.

"அண்ணை, அண்டைக்கு என்ன சொன்னனெண்டு எனக்குத் தெரியாது. அம்மாவின்ரை விசயமெண்டால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கோயில் மதில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ சொன்னதிலை பொய் இல்லை," என்றார். "அதுதான் எனக்குக் கஷ்டம்."

என் கையைப் பிடித்து ஒருக்கால் அழுத்திவிட்டு நடந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் அதைத் தொடவில்லை.

மருந்தைக் குறைத்து, நேரத்துக்குச் சாப்பிட்டு வந்ததில் மேலுதட்டு வியர்வை மட்டும் எப்போதாவது வருகிறது. நடுக்கம் வரவில்லை. அந்த ஒரு வியர்வையை நம்பி என்னைக் கடலில் விட டொக்டர் பிள்ளை சம்மதிக்கவில்லை. அண்ணையும் என்னை வரச்சொல்லிக் கேட்கவில்லை. நான் கரையோரக் கொட்டிலான வாடியில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்துகிறேன். மச்சான் இஞ்சினை நன்றாகத்தான் பிடிக்கிறான் என்கிறார்கள்.

அண்ணை கரைக்கு வந்ததும் வாடிக்குள் எட்டிப் பார்ப்பார். முன்பென்றால் காற்றைப்பற்றி, நீரோட்டத்தைப்பற்றி, நண்டு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதைப்பற்றி ஏதாவது சொல்வார். இப்போது அவர் கேட்பது ஒன்றுதான்.

"சாப்பிட்டனியோ?"

ஓம் என்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு, வலையில் சிக்கிய நண்டைத் தட்டிக்கொட்டப் போகிறார்.