மேல்வீட்டுக் கட்டில்

மேல்வீட்டுச் சிவபாதம் அண்ணை கட்டிலை இழுக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டு மின்விளக்கு ஆடும். ரொறன்ரோவில் உலகப் போருக்கு முன்னர் கட்டிய மூன்று மாடிக் கட்டடம் இது. லிஃப்ட் கிடையாது, பலகைத் தரை, மேலே ஒருவர் இருமினால் கீழே இருப்பவரின் தூக்கம் போகும். குடியிருப்பவர்களே கூட்டாக நடத்தும் கோ-ஒப் என்பதால் வீட்டுச் சொந்தக்காரர் என்று தனியாக ஒருவர் இல்லை. சண்டை பிடிப்பதென்றாலும் எங்களுக்குள் நாங்களே பிடிக்கவேண்டியதுதான். நான் கூட்டுகிற தும்புத்தடியால் உட்கூரையில் இடிப்பேன். சற்று நேரம் சத்தம் நிற்கும். பிறகு கட்டில் அடுத்த சுவருக்குப் போகும்.

கட்டில் அவருடைய மகளுக்கு. மகளும் மனைவியும் இலங்கையில், வன்னியில் இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது, வரப்போகிறார்கள் என்று அவர் சொன்னதை நம்பித்தான் நிர்வாகக் குழு அவருக்கு இரண்டு அறை வீட்டைக் கொடுத்தது. பிறகு சண்டை இறுகியது, வன்னியை விட்டு வெளியே வரும் பாதை அடைபட்டது. அவர் அறைக்கு ரோஸ் நிறம் அடித்தார். மகள் வளர்ந்துவிட்டாள் என்பது நினைவு வந்து வெள்ளை அடித்தார். ஜன்னலோரம் வைத்தால் குளிர், ஹீட்டர் பக்கம் வைத்தால் சூடு. அந்தக் கட்டில் ஓரிடத்திலும் அவருக்குப் பொருந்தவில்லை.

எனக்கு அவர்மேல் சரியான கோபம். ஒளிப்பானேன்? நாங்கள் இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் நெருக்கியடித்துக் கிடந்தோம். பெரிய வீட்டுக்கு அடுத்த முறை எங்களுடையது. கோ-ஒப் விதிப்படி, தனி ஆள் சின்ன வீட்டுக்கு மாறவேண்டும். கீழ்த்தட்டில் அப்படியொன்று காலியானதும், இந்த விஷயத்தைக் கூட்டத்தில் எடும் என்று என் கணவர் ஜனார்த்தன் என்னை அரித்தெடுத்தார். எடுத்தேன்.

அது மே மாதம். வன்னியில் சண்டை முடிந்துவிட்டதென்று செய்தி வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அண்ணை வேலைக்குப் போகவில்லை. அகதி முகாம் படங்களில் முகம் தேடினார், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் அடித்தார், படியில் ஏறினார், இறங்கினார். பகல் முழுக்கக் கட்டில் நகர்ந்தது. கூட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூட்டம் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷின்களுக்குப் பக்கத்தில் நடந்தது. அவருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு என்பதால் மொழிபெயர்க்க என்னையே விட்டார்கள். குழுத் தலைவி பண்பான வெள்ளைக்காரி. வீட்டில் எத்தனை பேர் என்று மெதுவாகக் கேட்டார்.

"மூண்டு பேர்," என்றார் அண்ணை.

இப்போது எத்தனை பேர் என்று தலைவி திரும்பக் கேட்டார். அதை நான் அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார். "தங்கச்சி, இதை அப்பிடியே சொல்லும். அவை ரெண்டு பேரும் இல்லையெண்டு இஞ்ச ஆருக்கும் தெரிஞ்சால் சொல்லட்டும். நான் இப்பவே கட்டிலைக் கழட்டிறன்."

அப்படியே சொன்னேன். அவர் மாறவேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் தலைவி. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஜனார்த்தன் பாதி தூக்கிய கையால் தலையைச் சொறிந்தார். என் கை மடியிலேயே கிடந்தது; வேறு கையும் எழவில்லை.

வீட்டுக்குள் நுழையவும் மேலே கட்டில் இழுபட்டது. ஜனார்த்தன் பழக்கதோஷத்தில் தும்புத்தடியை எடுத்தார். அதை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, மாடி ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். அண்ணை கதவைத் திறந்து உள்ளே வழிவிட்டார். கட்டிலின் மறுபக்கத்தை நான் பிடிக்க, இருவருமாக ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தோம்.

"இல்லை, தங்கச்சி," என்றார். "இதில பிள்ளைக்குக் குளிரும்."

திரும்பவும் தூக்கினோம்.