தெக்தேரின் காது

ஆரியசாலையில் மழை விட்டிருக்கிறது. பெண்கள் விடுதிக் கதவை ஆறரைக்கு மூடிவிடுவார்கள். சோமாலிய மாணவி ஹோதன் பஜ்ஜிக் கடையை விட்டு நகரவில்லை. எனக்கு ரயில் ஏழேகாலுக்கு, நானும் நகரவில்லை. அவள் கைபேசி மறுபடி அலறுகிறது.

"வார்டனா? ஓடு மோளே," என்கிறார் கடைக்காரச் செல்லம்மக்கா.

"எங்க ஊர்ல தெக்தேர்னு ஒரு ராட்சசி," என்கிறாள் ஹோதன், மூன்று வருடத்தில் பழகிய தமிழ்-மலையாளக் கலவை மொழியில். "நீளக் காது. எந்த மூலையில பொண்ணு நடந்தாலும் அதுக்குக் கேட்டுரும், பிடிச்சுத் தின்னுரும். அதைச் சொல்லித்தான் எங்களை அடக்குவாங்க."

"பின்னே?"

"அது தூங்கும்போது பொண்ணுங்க காய்ச்சின எண்ணெயைக் காதுல ஊத்திட்டாங்க."

செல்லம்மக்கா தன் சட்டியைப் பார்க்கிறார். மீண்டும் அலறும் கைபேசியை ஹோதனிடமிருந்து பிடுங்குகிறார்.

"மேடம், பிள்ளை சாப்பிடுது. முடிச்சிட்டு வரும். கதவைத் தொறந்து வைங்க."

அடுத்த பஜ்ஜி எண்ணெயில் இறங்குகிறது.