பதினெட்டு நடக்கிற பிள்ளையின் கடை

வியாபாரப் பெயர்ப் பதிவு மேசையில் நான் பதினொரு வருடம் இருந்தேன். எங்கள் பகுதியில் ஒரு சலூனோ, பலசரக்குக் கடையோ, வலைக்கடையோ பெயர்ப் பலகை ஏற்றுவதற்கு முன் அந்தப் பெயர் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அத்தனை வருடத்தில் நான் எழுதிக் கொடுத்த ஒரேயொரு சான்றிதழ்தான் செல்லாது என்று திரும்பி வந்தது. அந்தக் கதிரைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன். பிழை என்னுடையது. முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் சுகம்.

1. திரும்பி வந்த சான்றிதழ்

ஒரு புதன்கிழமை காலை. தேத்தண்ணி ஆறுவதற்குள் குடித்து முடிக்கலாம் என்று கோப்பையைத் தூக்கினேன். டிலக்சனா என்ற பிள்ளை வந்து, நான் மூன்று வாரத்துக்கு முன் கொடுத்த சான்றிதழை மேசையில் வைத்தது.

"மிஸ், இது செல்லாதாம்."

"ஆர் சொன்னது?"

"சட்டத்தரணி. எனக்கு இன்னும் பதினெட்டு ஆகேல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "படிவத்தில பதினெட்டு எண்டு நீதானே எழுதித் தந்தனி?"

"ஓம் மிஸ். பதினெட்டு நடக்குது."

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

எங்கள் ஆட்கள் வயதைச் சொல்லும் விதம் உங்களுக்குத் தெரியும். பதினேழு முடிந்த அடுத்த நாளிலிருந்து பதினெட்டு நடக்கத் தொடங்கிவிடும். என் மகளுக்கு நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பிள்ளையும் அப்படித்தான் எழுதியிருந்தது. கிராம உத்தியோகத்தரும் அது சொன்னபடியே தன் அறிக்கையில் பதினெட்டு என்று போட்டிருந்தார். பதினைந்து பதினாறு வயதில் ஓ.எல் பரீட்சைக்காக எடுத்த அடையாள அட்டையும் கையில் இருந்தது. அடையாள அட்டை இருந்தால் ஆள் பெரிய ஆள் என்று என் மூளையில் எப்போதோ பதிந்து போயிருந்தது. வயது என்ற கட்டத்தைப் பார்த்துச் சரி போட்டேன். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் பிறந்த திகதி முத்து முத்தாகச் சரியாக எழுதியிருந்தது. அதைப் பார்க்கவில்லை. பதினெட்டு முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது.

பிள்ளை பொய் சொல்லவில்லை. இதை நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

கப்பல்துறை என்ற ஊரில் கண்டி வீதி ஓரமாக அவளுடைய தகப்பன் யோகன் குஷன் கடை வைத்திருந்தார். ஓட்டோவுக்கு ஹூட் அடிப்பது, சீட் தைப்பது, படகுக்குக் கூடாரம் தைப்பது. அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டாள். ஒரு நாள் யோகனுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. அவருடைய பழைய பதிவும் அதோடு புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து தைத்த பிள்ளை, ஓ.எல் முடிந்ததும் முழுநேரமாக மெசினில் இருந்துவிட்டது. ஒன்றரை வருடமாகக் கடை அவள் கையில்தான்.

துறைமுகத்தில் வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போகும் படகுக்காரரின் சங்கம் பன்னிரண்டு படகுக்குக் கூடாரமும் சீட் உறையும் தைக்கும் வேலையை அவளுக்குப் பேசியிருந்தது. பதிவுள்ள கடை என்றால்தான் ஒப்பந்தம் என்றார்கள். அதற்காகத்தான் என்னிடம் வந்தவள். கையெழுத்துப் போடப் போன இடத்தில் சங்கத்தின் சட்டத்தரணி அடையாள அட்டையை வாங்கித் திகதியைப் பார்த்திருக்கிறார். நான் பார்த்திருக்க வேண்டிய திகதி.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் சங்கத்தில கூட்டம் மிஸ். அதுக்கு முதல் சரியான கடிதம் கொண்டு போகாட்டி வேலையை வேற ஊர்க் கடைக்குக் குடுத்திடுவினம். நான் கன்வஸ் எல்லாம் வெட்டிப்போட்டன்."

"ஒப்பந்தம் இல்லாம ஏன் வெட்டினனி?"

"சான்றிதழ் வந்திட்டுது எண்டு வெட்டினனான்."

பன்னிரண்டு படகின் அளவுக்கு வெட்டிய துணி வேறு எதற்கும் உதவாது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லிச் சமாளித்திருப்பேன். சும்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

2. மேடத்தின் அறையில்

ஒரு கெட்ட எண்ணம் வந்தது, மறைக்கவில்லை. எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. சான்றிதழைத் திரும்ப வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டு, "நாலு மாதம் கழிச்சு வா பிள்ளை" என்று அனுப்பிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. கோப்பை எடுக்க அலுமாரி வரைக்கும் போனேன். திரும்பிப் பார்த்தேன், அவள் அதே இடத்தில் நிற்கிறாள். கோப்போடு நேரே மேடத்தின் அறைக்குப் போனேன்.

மேடம் எங்கள் கந்தோருக்குப் பெரியவர், வயதில் எனக்கு இளையவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

"இவ்வளவு காலம் வேலை செய்த நீங்களே இப்பிடிச் செய்தா எப்பிடி?"

"பிழைதான் மேடம். எனக்கு என்ன தண்டனைக் கடிதம் வேணுமெண்டாலும் தாங்கோ. அந்தப் பிள்ளையின்ர வேலை போகக்கூடாது."

சட்ட உத்தியோகத்தரைக் கூப்பிட்டார். ஒல்லியான, மெதுவாகக் கதைக்கிற தம்பி. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த இடைவெளியில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"மைனர் கடை வைச்சிருக்கலாமோ, ஏலாதோ? அதைச் சொல்லுங்கோ" என்றார் மேடம்.

"வைச்சிருக்கலாம் மேடம். கைக்குழந்தையின்ர பேரில காணி எழுதுறாங்கள் தானே? அதேபோல மெசினும் கடையும் பிள்ளைக்குச் சொந்தமாயிருக்கலாம். சிக்கல் கையெழுத்தில. மைனர் தனியப் போட்ட ஒப்பந்தத்தில மற்றப் பக்கம் மாட்டுப்படும், மைனர் மாட்டுப்படாது. நாளைக்கு 'எனக்கு வயசு காணாது, நான் தைக்க மாட்டன்' எண்டு பிள்ளை சொன்னா சங்கம் ஒண்டும் செய்யேலாது. அதுதான் அந்தச் சட்டத்தரணி பயப்பிடுறார். அவர் பயப்பிடுறது சரி."

"அப்ப?"

"தகப்பன் இருக்கிறாரே. அவர் பாதுகாவலர். அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டா ஒப்பந்தம் நிற்கும். இன்னொண்டும் இருக்கு. தகப்பன் அறிய, அவற்ற சம்மதத்தோட, தானே ஒரு தொழிலை நடத்துற பிள்ளையை அந்தத் தொழில் விசயத்தில பெரிய ஆளாகவே பார்க்க எங்கட பழைய சட்டத்தில இடமிருக்கு. ஆனா அதை நீதிமன்றம்தான் சொல்லவேணும். நாங்கள் முதல் வழியால போவம்."

பழைய சான்றிதழை ரத்துச் செய்து, தகப்பனைப் பாதுகாவலராகக் காட்டிப் புதிய விண்ணப்பம் எடுப்பதென்று முடிவாயிற்று. ஆனால் தகப்பனுக்கு விளங்குகிறது, முழுச் சம்மதம் என்பதைத் தான் நேரில் பார்க்க வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டார். பேச்சு வராத மனிதர் எப்படிச் சம்மதம் சொல்வார் என்ற கவலை அன்று இரவு முழுக்க எனக்கு. வீட்டில் கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்றும் தெரியவில்லை. போடவில்லை என்று என் மனுசன் சொன்னார்.

3. மூன்று கேள்வி

அடுத்த நாள் பத்து மணிக்கு ஓட்டோவில் யோகன் வந்து இறங்கினார். டிலக்சனா ஒரு பக்கம் பிடித்திருந்தாள். இன்னொரு பக்கம் பிடித்திருந்தவர் சங்கத் தலைவர், கிண்ணியா ஹாஜியார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்திருந்தார்.

"எனக்கு வயசு என்னத்துக்கு புள்ள" என்றார் என்னிடம். "மழ ஒழுகாத கூடாரம் வேணும். இவள் தெச்ச கூடாரம் என்ட படகில ரெண்டு மாரி கண்டிரிக்கி. கமிட்டிக்காரனுகள்தான் கடிதம் கடிதம் எண்டு நிக்கிறானுகள்."

மேடத்தின் அறையில் யோகன் கதிரையில் இருந்ததும் முதல் வேலையாக, இடது கையால் அந்தக் கதிரையின் உறையைத் தடவிப் பார்த்தார். தையல் விட்டிருந்த இடத்தில் விரலை வைத்து மகளைப் பார்த்தார். "ஓமப்பா, பார்த்தனான்" என்றாள் அவள். மேடத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தம்பி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "ஐயா, நான் கேக்கிறதுக்குக் கையால காட்டினாப் போதும். இப்ப கடையை நடத்துறது ஆர்?"

யோகன் மகளைக் காட்டினார்.

"வேலை பேசுறது, சாமான் எடுக்கிறது, இது ஏலும் இது ஏலாது எண்டு முடிவு சொல்லுறது ஆர்?"

மறுபடியும் மகள்தான். இந்த முறை கை கொஞ்சம் வேகமாக எழுந்தது.

"சரி. நாளைக்கு இந்த வேலையில ஒரு பிழை வந்தா, சங்கம் ஆரிட்ட வந்து கேக்கிறது?"

யோகன் மகளைப் பார்த்தார். இதற்கும் அவளையே காட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயம். காட்டினால் பாதுகாவலர் என்ற கதையே நிற்காது. அவர் அந்த இடது கையை மெதுவாகத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். டிலக்சனா அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். கந்தோரில் அழக்கூடாது என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்லித் திரிந்தவள் நான்.

மைப்பெட்டியை நான்தான் பிடித்தேன். இடது பெருவிரலை அழுத்தி வைத்தார். வைத்துவிட்டு அடையாளம் கோட்டில் நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார், தையற்காரன் அல்லவா. சமாதான நீதவான் ஒருவர் சாட்சி போட்டார். இந்த முறை பிறந்த திகதியை நான் மூன்று தரம் வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் புதிய சான்றிதழும் மேடத்தின் கடிதமும் சட்டத்தரணியிடம் போய்ச் சேர்ந்தன. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மகளுடைய கையெழுத்தும் தகப்பனுடைய விரலடையாளமும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒப்பந்தத்தில் ஏறின. பின்னேரம் ஹாஜியார் போன் எடுத்து, "கமிட்டி பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். நான் கதிரையில் சாய்ந்து ஒரு முழுக் கோப்பைத் தேத்தண்ணியைச் சூடாகக் குடித்தேன். மூன்று நாளுக்குப் பிறகு தொண்டைக்குள் இறங்கிய முதல் தேத்தண்ணி அதுதான். என்னிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். பென்சனுக்கு ஒரு குறையும் வரவில்லை.

4. பதினெட்டு முடிந்த நாள்

நாலு மாதம் கழித்து அவள் வந்தாள். தகப்பனும் கூட. அதற்குள் பன்னிரண்டு படகிலும் நீலக் கூடாரம் ஏறியிருந்தது. பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் கடற்கரை வீதியில் நின்று நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

"மிஸ், இண்டைக்கு முடிஞ்சிட்டுது" என்றாள். அடையாள அட்டையை நான் கேட்க முன்னமே நீட்டினாள், திகதி என் பக்கம் பார்க்கும்படி.

"நல்லது பிள்ளை. இனிப் பாதுகாவலர் தேவையில்லை. அப்பாவின்ர பேரை எடுத்திட்டு உன்ர பேரில மட்டும் மாத்தித் தாறன்."

"எடுக்க வேண்டாம் மிஸ். அவரைப் பங்காளியாப் போடுங்கோ. தையல் பிழைச்சா இப்பவும் அவர்தான் பிரிக்கச் சொல்லுறார்."

யோகனைப் பார்த்தேன். அவர் என் மேசை விரிப்பின் ஓரத் தையலை ஆராய்ந்துகொண்டிருந்தார். தனக்கு இதில் ஒன்றுமில்லை என்ற மாதிரி. கண் மட்டும் கலங்கியிருந்தது.

சின்னப் பிள்ளைக்குக் கடை இருக்கலாமா என்று யாராவது உங்கள் மேசைக்கு வந்து கேட்டால், ஏலாது என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். கடை இருக்கலாம். அந்தக் கடைக்காக நெஞ்சில் கை வைக்க ஒரு பெரிய ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். தெரியாததைச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள். முக்கியமாக, பிழை விட்டால் அலுமாரிக்குப் போகாமல் மேலதிகாரியின் அறைக்குப் போங்கள். இரண்டும் ஒரே தூரம்தான்.

பங்காளிப் பதிவுக்கான படிவத்தை எடுத்துப் பேனையைத் திறந்தேன். பழக்கதோசம், வாய் முந்திக்கொண்டது.

"அப்பாவுக்கு என்ன வயசு?"

"அம்பத்திமூண்டு நடக்குது மிஸ்" என்றாள்.

நான் பேனையை மூடி வைத்துவிட்டு யோகனின் அடையாள அட்டைக்குக் கையை நீட்டினேன்.