ஆளுக்கு ஒரு வரி

என் மின்னஞ்சல்களில் முற்றுப்புள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்று அலுவலகத்தில் குறைபட்டுக்கொள்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தப் பழக்கம் எட்டாம் வகுப்பிலேயே எனக்கு ஒட்டிக்கொண்டது.

அப்பா அப்போது ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தெருவில் பாதி வீட்டு அப்பாக்கள் இப்படித்தான், ஆண்டில் எட்டு மாதம் போனுக்குள்தான் இருப்பார்கள். அவர்கள் வேலை செய்த காட்டில் லாரி கேபின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொருவராக ஏற, மற்றவர்கள் கீழே காத்திருப்பார்கள். அப்பாவுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஆறு.

அதனால் அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். "ஆளுக்கு ஒரு வரி. சொல்லிப்போட்டு அடுத்த ஆளுகிட்டக் குடுத்துடோணும்." எங்களோடு இருந்த அத்தை அப்பாவின் அக்கா என்பதால் அவருக்கு முதலிடம். முழங்கால் வலியை ஒரு வரியில் சொல்லி முடிப்பார். அடுத்து அண்ணன், பேட்டோ ஷூவோ ஒரு வரியில் கேட்பான். மூன்றாவது நான். கடைசியில் அம்மா. அவள் வரி மட்டும் எந்த வாரமும் மாறாது: "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" கிடைப்பதே ஒரு வரி, அதைப் போய் இப்படி வீணடிக்கிறாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். எனக்கோ ஒரு வாரத்துச் சேதி முழுவதும் தொண்டையில் நிற்கும்.

அப்படியிருக்கையில் எங்கள் ஆங்கில டீச்சர் ஒருநாள் கரும்பலகையில் ஐந்து குட்டி வாக்கியங்களை எழுதினார். ஒரு பையன் இருந்தான். அவனிடம் ஒரு நாய் இருந்தது. மழை பெய்தது. நாய் ஓடிப்போனது. பையன் அழுதான். பிறகு ஹூ, வென், பிகாஸ், அண்ட் என்று இடையிடையே போட்டு ஐந்தையும் ஒட்டி, கடைசியில் ஒரே ஒரு புள்ளி வைத்தார். "எவ்வளவு நீளமா இருந்தாலும் இது ஒரே வாக்கியந்தான்" என்றார். வகுப்பு கொட்டாவி விட்டது. நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மாவின் சட்டத்தில் ஓட்டை கிடைத்துவிட்டது!

இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். தமிழில் ஒட்டினால் செல்லுமோ செல்லாதோ என்ற சந்தேகத்தில், ஒட்டும் சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் என் கைக்கு வந்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அப்பா, நம்ம எருமை கன்னு போட்டுருச்சுங்க, அண்ட் அந்தக் கன்னுக்குட்டி, விச் இஸ் கறுப்பு..."

"எருமைக் கன்னு வெள்ளையாவா இருக்கும்?" என்றான் அண்ணன்.

"...அண்ணனையே முட்டிருச்சுங்க, பிகாஸ் அவன் அது வாலப் புடிச்சு இழுத்தான், ஆல்தோ அம்மா வேண்டாம்னு சொன்னாங்க, அண்ட் நான் ஓட்டப் பந்தயத்துல ரெண்டாவது வந்தேனுங்க..."

"ஒரு வரிதான்டி!" என்று அண்ணன் கத்தினான். நான் ஒரு விரலை உயர்த்திக் காட்டி, "இன்னும் முடியல" என்றேன். அந்தப் பக்கம் அப்பா சிரிப்பது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருப்பார் போல, கீழே நின்றவர்களும் சிரித்தார்கள். அம்மா கையை நீட்டினாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு!

கடைசியாகத்தான் முக்கியமானதை ஒட்டினேன். "...அண்ட் மாரியம்மன் நோம்பிக்கு நீங்க வருவீங்களா மாட்டீங்களா?"

"வாரேன் சாமி, கண்டிப்பா வாரேன்" என்றார் அப்பா. அதோடு லைன் அறுந்துவிட்டது.

அம்மா போனை வாங்கிக் காதில் வைத்து, "ஏனுங்க" என்றாள். இன்னொரு தடவையும் "ஏனுங்க" என்றாள். பிறகு அதை முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பள்ளிக்கூடத்துல நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க." பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு தெரு முழுக்கப் பெருமை அடித்தேன்.

அடுத்த ஞாயிறு வரிசை மாறியிருந்தது. அம்மா மூன்றாவது, நான் கடைசி. அம்மா போனை வாங்கி வழக்கம்போல, "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதானே என்று கை நீட்டினேன். அவள் தரவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி எருமைக் கொட்டாய்ப் பக்கம் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் "ம்" மட்டும் கொட்டினாள். கன்றுக்குட்டியின் நெற்றியைச் சொறிந்துகொண்டே சிரித்தாள். கண் மட்டும் ஏனோ கலங்கியிருந்தது.

"அம்மா, ஒரு வரிதான்! சட்டம் சட்டந்தான்!" என்று குதித்தேன்.

அம்மா திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தினாள். "இன்னும் முடியல சாமி."

சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதுமே, அப்பாவுக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று அண்ணனிடம் முறையிட்டேன். அங்கே நிறைய வகை போடுகிறார்கள் போலிருக்கிறது என்றான். நானும் நம்பினேன்.