கைதிகள் கட்டிய பாலத்தில் ஒரு தகடு

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். கதை விட எனக்கு நேரமில்லை. கனடாவில், மிசிசாகாவில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்கிறவள் நான். போன நவம்பர் 23, ஞாயிறு மாலை 4.50 முதல் 5.14 வரை எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அந்தப் பாலத்துக்கு நான் போனதே கோபத்தில்தான்.

என் கணவர் யசிந்தனுக்கு ஜியோகாஷிங் என்றால் உயிர். யாரோ ஒருவர் ஒரு பெட்டியை எங்கோ ஒளித்து வைப்பார். போன் காட்டும் வழியில் போய் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். யசிந்தன் எண் பொறித்த சின்னத் தகடு ஒன்றைப் பெட்டிக்குப் பெட்டி பயணம் போக விட்டிருந்தார். இலங்கையில் நாலு வருடம் சிறையில் இருந்தவர். "அங்க என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டவங்கள். இந்த நம்பராவது ஊருலகம் சுத்தட்டும்" என்பார். அவர் இறந்து இரண்டு வருடம். தகடு ஏழு நாடு சுற்றி, ஆகஸ்டில் ரொறன்ரோவுக்கே திரும்பி வந்தது.

அதை எடுத்தவர் நகரின் கிழக்கே ரூஜ் பகுதியில் இருக்கும் அன்புராசா அண்ணை. அங்கே ஓடைக்கு மேலுள்ள பழைய கல்பாலத்தில் தான் ஒளித்த பெட்டியில் வைத்துவிட்டதாக இணையத்தில் பதிந்திருந்தார். பிறகு போன மூன்று பேரும் தகடு இல்லை என்றார்கள். நான் கேட்டபோது, "வச்சனான் தங்கச்சி. உவையளுக்குத் தேடத் தெரியாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறந்த பிறகும் யசிந்தனுடையது என்று உலகத்தில் நடமாடியது அந்தத் தகடு ஒன்றுதான்.

4.50. காரை நிறுத்தினேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பாலத்தருகே ஒரு பலகை. கட்டச் சொன்ன அதிகாரியின் பெயர், கல் கொடுத்தவரின் பெயர், திறந்து வைத்தவரின் பெயர். கடைசி வரியில், பதினொரு கைதிகள் கட்டியது என்று மட்டும். அவர்களுக்குப் பெயரே இல்லை. பலகையைப் பார்த்தும் கோபம் வந்தது.

4.55. இன்னும் பன்னிரண்டு மீற்றர் என்று போன் காட்டியது.

டொக்... டொக்... டொக்...

பாலத்தடியில் யாரோ கல் கொத்தினார்கள். அண்ணைதான் என்று நினைத்துக் குரல் கொடுத்தேன். சத்தம் நின்றது. இறங்கிப் போனேன். ஒருவரும் இல்லை. சேற்றில் என் காலடி மட்டும்தான் இருந்தது.

வளைவில் ஒரு கல்லைக் கிண்டிக் கழற்றி, அந்தப் பொந்தில் பெட்டியைச் செருகியிருந்தார் அண்ணை. கழற்றிய கல் கீழே கிடந்தது. எதையும் உடைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். பெட்டியைத் திறந்தேன். கொப்பி, பென்சில், இரண்டு பிளாஸ்ரிக் பொம்மைகள்.

தகடு இல்லை.

கொப்பியில் புதுப்பக்கத்தில் என் பெயரை எழுதினேன். நிலாணி, 5.03. எழுதாமல் திரும்பினால் யசிந்தனுக்குப் பிடிக்காது. அண்ணையின் முகத்துக்கு நேரே நீட்டப் பெட்டியையும் கொப்பியையும் சேர்த்துப் படம் எடுத்தேன். அப்போது 5.04.

பிறகு வாய்விட்டுத் திட்டினேன், அந்தச் சுவரைப் பார்த்து.

"உங்கட கல்லையும் புடுங்கிப்போட்டான். என்ர மனுசன்ர நம்பரையும் வச்சிருக்கிறான்."

டொக்.

ஒரே ஒரு தரம். என் காதுக்குப் பக்கத்தில்... சுவருக்கு உள்ளேயிருந்து.

ஓடியிருக்கலாம். ஆனால் கல்லை அப்படியே விட்டுப் போக மனம் வரவில்லை. பெட்டியைப் பொந்துக்குள் தள்ளிவிட்டுக் கல்லைத் தூக்கினேன். சரியான பாரம். முழங்கால் வரைதான் வந்தது.

5.10.

பாரம் குறைந்தது.

மற்றப் பக்கத்தை யாரோ பிடித்திருந்தார்கள்...

கையை எடுத்தேன். கல் விழவில்லை.

மெல்ல உயர்ந்தது. பொந்துக்குள் போனது.

டொக்... டொக்...

ஓடினேன். கார்க் கதவைப் பூட்டியபோது 5.14.

அடுத்த நாள் அன்புராசா அண்ணை வீட்டுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. தகட்டைப் பெட்டியில் வைக்கவே இல்லையாம். வடிவாக இருக்கிறது என்று கார்த் திறப்பு வளையத்தில் கோத்து வைத்திருந்தாராம். ஞாயிறு பின்னேரம் ஐந்து பத்துப் போலப் பார்த்தால் தகட்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் கோத்திருந்ததை என் மேசையில் வைத்தார். துருப்பிடித்த இரும்புச் சங்கிலியின் ஒற்றைக் கண்ணி.

"வெட்டும் இல்லை, பொருத்தும் இல்லை. எப்பிடிக் கோத்தது தங்கச்சி?"

எடுத்தவர்கள் பதிலுக்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்றேன். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வெளியே போகச் சொன்னேன்.

புதன்கிழமை பகலில் பாலத்துக்குப் போனேன். கல் தன் இடத்தில் இருந்தது. சுற்றிலும் சாந்து இறுகி, அதன்மேல் பாசி படர்ந்திருந்தது. நூறு வருடமாக யாரும் தொடாத கல் போலத்தான் இருந்தது. பெட்டியை இனி ஒருவராலும் எடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்துதான் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கினேன். 5.04க்கு எடுத்தது. என் பெயர் மட்டும் இருந்த பக்கம்.

என் பெயருக்குக் கீழே, அதே பென்சிலில், சாய்ந்த பழைய எழுத்தில் ஆங்கிலப் பெயர்கள். எண்ணினேன்.

பதினொன்று.

பன்னிரண்டாவது தமிழில் இருந்தது. பதினெட்டு வருடம் நான் பார்த்த கையெழுத்து. எண் எழுதவில்லை. பெயரும் நேரமும்தான்.

யசிந்தன், 5.10.