திங்கட்கிழமை ஜுரம்

போன வாரம் எங்கள் மாடிக்கு ஜி.ஐ. பைப்பில் கைப்பிடி வைக்க ஒரு வெல்டர் வந்தான். புகை கிளம்பியதும் என் தொண்டையில் ஓர் இனிப்பு ஊறியது. விழுங்கக் கூடாத இனிப்பு. அந்த வேலை பார்த்த எவனைக் கேட்டாலும் சொல்வான். நீங்கள் கேட்காமலே நான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் நானும் என் தோஸ்து தாஸும் துத்தநாகம் பூசிய அதே ஜி.ஐ. பைப்புகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தோம். மூக்குக்கு அவன் மனைவி மேரியின் பழைய புடவைக் கிழிசல்தான் பாதுகாப்பு. உள்ளே போன புகையை இரண்டு வாழைப்பழம் கீழே தள்ளிவிடும் என்று பட்டறையே நம்பியது. மூச்சுக்குழாய் வேறு, உணவுக்குழாய் வேறு என்று பள்ளியில் படித்தவன் நான். மூன்றாகத் தின்றேன்.

திங்கட்கிழமை சாயந்திரமானால் இருவருக்கும் ஜுரம். பல்லெல்லாம் தந்தியடிக்கும். செவ்வாய் காலை ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துவிடுவோம், அந்த வாரம் மறுபடி வராது. இதை வைத்து, மெத்தப் படித்த மேதாவி நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: கோளாறு புகையில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை லீவில்.

"மாமு, ஒருநாள் வுட்டா ஒடம்புக்குப் பழக்கம் பூடுது. ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போ, ஜுரம் வருதான்னு பாரு" என்றேன்.

தாஸ் போனான். ஜுரம் நின்றேவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் மட்டும் போகவில்லை. ஞாயிறு மத்தியானம் பிரியாணியை விட்டுவிட்டு எவன் போவான்.

ஏழெட்டு வருடம் இப்படியே ஓடியது. பிறகு தாஸுக்கு ஓயாத இருமல். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

"லீவு வுட்டாத்தான் ஜுரம் வரும்னு ஞாயித்துக்கிழமகூட லீவே போட்டதில்ல சார்" என்றான் டாக்டரிடம், பெருமையாக.

அவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "ஜுரம் வரலன்னா புகை ஒண்ணும் பண்ணலன்னு அர்த்தமில்லப்பா. நெஞ்சு பூரா கெட்டுப்போயிருக்கு. யார் இந்த யோசனையைச் சொன்னது?"

தாஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரு சொல்லணும் சார், நானாத்தான்" என்றான்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. தாஸ் போய்ப் பல வருடமாகிறது. எப்போதாவது மேரியைப் பார்க்கப் போவேன். டீ போட்டுக் கொடுப்பாள்.

"அந்தாளு தானா யோசிக்கிற ஆளு இல்லண்ணா. எந்த கஸ்மாலம் ஏத்திவுட்டுச்சோ, ஞாயித்துக்கிழமகூட வூட்ல தங்கல" என்பாள்.

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.